தரம் ஆறிலிருந்து தொடங்குவோம்: மலையகத்தின் கணித, விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையரே,

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும், உயர்தரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்து ஓய்வுபெற்றவன்.

உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வாழ்க்கையில் ஆறு வருடங்களை ஒரு சின்னப் பாடசாலைக்குக் கொடுங்கள். தரம் 6இல் கையேற்கும் பிள்ளைகளைத் தரம் 11 வரை நீங்களே கூட்டிக்கொண்டு போய் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு மேற்படிப்புக்கோ, வேறு ஊருக்கோ, வேறு வேலைக்கோ நீங்கள் போனால் யாரும் குறை சொல்ல முடியாது.

மலையகக் கல்வியைப் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் முதலில் எழும் கோரிக்கை உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் திறக்க வேண்டும் என்பதுதான். நியாயமான கோரிக்கை. உயர்தரத்தில் விஞ்ஞானம் உள்ள பாடசாலைகள் 1ஏபி வகை. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை வகை 2. ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. இணைந்த கணிதமோ பௌதிகவியலோ படிக்க விரும்பும் பிள்ளை விடியற்காலை பஸ் ஏறி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். வசதியிருந்தால் கண்டியில் அறை எடுத்துத் தங்க வேண்டும்.

ஆனால், அந்த பஸ்ஸில் ஏறத் தகுதி பெறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயப் பாடங்கள். கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளின் வாசல் அங்கேயே மூடிவிடுகிறது. அந்தத் தோல்வி தரம் 11இல் ஆரம்பிப்பதில்லை. தரம் 7இல், 8இல் ஆரம்பித்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, பரீட்சைத் தாளில் வெளியே வருகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சய மூன்றிலிருந்து (-3) ஐந்தைக் கழி என்று தரம் 8 பிள்ளைக்குக் கணக்குக் கொடுத்தால், பல பிள்ளைகள் தயங்காமல் சக எட்டு (+8) என்று எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் "சயவும் சயவும் சேர்ந்தா சக தானே சேர்" என்று பதில் வரும். பெருக்கலுக்குச் சொன்ன விதியை அந்தப் பிள்ளை கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கொண்டுவந்துவிட்டது. நேரசூசியில் வெற்றிடமாகக் கிடந்த கணிதப் பாடவேளைக்கு அனுப்பப்பட்ட சமயப் பாட ஆசிரியர் அதைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டுவார். அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது, அவர் மேல் குற்றமும் இல்லை. கணிதம் படிப்பிக்கப் பயின்றவர் அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிப் போய், பாடசாலைப் படிக்கட்டின் நடுவில் நிறுத்தி, அந்தப் படியைப் பூச்சியமாக வைத்து மூன்று படி கீழே இறங்கச் சொல்வார். பிறகு இன்னும் ஐந்து படி இறங்கச் சொல்வார். எட்டுப் படி கீழே நிற்கும் பிள்ளை தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரம் தரம் 8இல் கிடைக்காத பிள்ளைக்கு தரம் 9இல் சமன்பாடு விளங்காது, தரம் 10இல் வரைபு விளங்காது, தரம் 11இல் பரீட்சை விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதே மனம் தளர்ந்திருக்கும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கும்.

இதனால்தான் தரம் 6 என்கிறேன். உயர்தரத்துக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர் வந்தால் பத்திரிகையில் செய்தி வரும். தரம் 6க்கு ஒரு கணித ஆசிரியர் வந்தால் செய்தி வராது. ஆனால் அந்தப் பௌதிகவியல் வகுப்பில் உட்காரப் பிள்ளைகளை உண்டாக்குபவர் இவர்தான்.

இனி, ஏன் நீங்கள்? இந்தக் கேள்விக்கு மலையகத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

தோட்டத்துக்கு ஓர் ஓரறைப் பாடசாலை, அதற்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் மலையக மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிடைத்தது நமக்கு அப்போதுதான் கைக்கு வந்தது.

பொறுப்பேற்ற பிறகும் ஆசிரியர் இல்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் குளிரிலும் மழையிலும் நின்று படிப்பித்தார்கள். அவர்களில் சிலர் வாழ்நாள் முழுவதையும் இங்கேயே கழித்தார்கள். மலையகம் அவர்களை மறக்காது. ஆனால் சொந்த ஊரில் வயதான பெற்றோரை விட்டு வந்த ஒருவர் இடமாற்றம் கேட்பதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஒருவர் போனால் அந்த இடம் மாதக்கணக்கில் வெற்றிடமாகக் கிடக்கும்.

இந்த நிலை மாறத் தொடங்கியது 1980களில். சுவீடன் அரசின் உதவியோடு நடந்த திட்டத்தில் கட்டடங்கள் எழுந்தன. அதைவிடப் பெரிய விடயம், தோட்டத்து லயங்களில் பிறந்து சாதாரண தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாக எடுக்கப்பட்டு, வேலை செய்துகொண்டே பயிற்சியும் பெற்றார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலை அவர்களைப் பயிற்றியது. பின்னர் பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. மலையகத்தின் ஆரம்பக் கல்வியைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்தத் தலைமுறைதான். அவர்கள் கையில் பட்டம் இருக்கவில்லை. பிள்ளையின் வீடு எங்கே, தாய் எத்தனை மணிக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறாள், பிள்ளை ஏன் திங்கட்கிழமை வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாலையில் அவர்கள் திரும்பிப் போன வீடும் அதே மலையில்தான் இருந்தது.

அந்த அலை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தொடவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் கலைப் பின்னணி கொண்டவர்கள். வேறு பின்னணி உண்டாக இங்கே வழியும் இருக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாததால் விஞ்ஞானம் படித்தவர் இல்லை, விஞ்ஞானம் படித்தவர் இல்லாததால் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. இந்த வளையம் இன்றுவரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியர்களை வரவழைக்கலாம் என்ற யோசனை இடைக்கிடை எழுவதும், தொழிற்சங்கங்கள் அதை எதிர்ப்பதும், பிறகு பேச்சு அடங்குவதும் உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் உதவியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சியாளர்கள் வரட்டும், உபகரணங்கள் வரட்டும். வகுப்பறையில் வருடக்கணக்கில் நிற்கும் ஆளை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

இன்று அந்த வளையத்தை உள்ளேயிருந்து அறுக்கக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீங்கள்தான் அவர்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. நீங்கள் இசட் புள்ளி எடுத்து உள்ளே போனது உங்கள் உழைப்பு, உங்கள் உரிமை. அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாக நான் பார்க்கவில்லை. ஆனால், மாவட்டம் பின்தங்கியது என்று ஒவ்வொரு வருடமும் எழுதப்படும் அந்த வரியை மாற்றக்கூடிய படிப்பு இந்த மலையில் மிகச் சிலரிடமே இருக்கிறது. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர்.

பட்டம் இருந்தால் போதும், படிப்பித்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாடம் தெரிவதும் பாடத்தைப் படிப்பிக்கத் தெரிவதும் இரண்டு வெவ்வேறு திறமைகள். வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குப் படிப்பிப்பது இன்னும் பெரிய திறமை. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்த இயக்கவியலைத் தரம் 10 பாடப்புத்தகத்தின் தமிழில் சொல்லவே பலர் முதல் தவணையில் திணறுவார்கள். கல்வியியற் கல்லூரியின் மூன்றாவது வருடம் கட்டுறு பயிற்சிக்கு உரியது. அந்த வருடத்தை நகரத்துப் பெரிய பாடசாலையில் கழிக்காமல், கஷ்டப் பிரதேசப் பாடசாலையொன்றில், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் இருந்து கழிக்கக் கேளுங்கள். நேரடி நியமனம் பெற்று வரும் பட்டதாரிகளானால், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு முறை வரும்வரை காத்திருக்காமல், முதல் மாதத்திலேயே வலயத்தின் ஆசிரிய ஆலோசகரைத் தேடிப் போங்கள். அவர் உங்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துப் பிழை சொல்லட்டும்.

பயிற்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கேத்தலும் வெப்பமானியும்தான். நீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸில் என்று புத்தகத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை விட்டால் ஏறத்தாழ 94 பாகையில் நின்றுவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் மேலே ஏறாது. அந்த நேரத்தில் வகுப்பைப் பார்க்க வேண்டும். வெப்பமானி பழுது என்று ஒரு பிள்ளை சொல்லும். புத்தகம் பிழை என்று இன்னொரு பிள்ளை சொல்லும். மேலே பருப்பு வேக நேரம் எடுக்கிறது என்று அம்மம்மா சொன்னதாக ஒரு பிள்ளை மெல்லச் சொல்லும். வளிமண்டல அமுக்கம் என்ற பாடம் அங்கே தொடங்குகிறது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் இதைச் செய்யலாம். ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில், உபகரணம் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அலுமாரி பூட்டியே கிடப்பதையும் நீங்கள் காண்பீர்கள். அந்தச் சாவியை அதிபரிடம் கேட்டு வாங்கும் துணிவும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் பாடம். 100 கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் போய் ஏறத்தாழ 22 கிலோ தூளாக வெளியே வருகிறது. மிச்சம் எங்கே போனது என்று கேட்டால் ஆவியாதல் வரும். கொழுந்து ஏன் செம்பு நிறமாகிறது என்று கேட்டால் ஒட்சியேற்றம் வரும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணிதம் இருக்கிறது. ஒரு தாய் ஒரு நாளில் மூன்று முறை நிறுத்து, மொத்தம் 24 கிலோ கொடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். பைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு முறையும் 2 கிலோ கழித்தால், கழிந்தது நூற்றுக்கு எத்தனை வீதம்? விடை 25 என்று வரும்போது தரம் 7 பிள்ளைக்குச் சதவீதம் விளங்கிவிடும். தாய்க்கு முழுநாள் சம்பளத்துக்குரிய முழுப்பெயர் விழாமல் அரைநாளுக்குரிய அரைப்பெயர் விழுந்த கதையும் விளங்கிவிடும். அன்று மாலை அந்தப் பிள்ளை வீட்டில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடும். தோட்டத்தில் வளர்ந்த ஆசிரியருக்கு இந்தக் கணக்கை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலையையும் நான் மறைக்கவில்லை. ஆசிரியர் சம்பளம் உங்களோடு படித்தவர்கள் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ வாங்கும் சம்பளத்துக்குக் கிட்ட வராது. 2021இல் ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிய பிறகே சம்பள முரண்பாட்டில் ஒரு பகுதி தீர்ந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போக நினைக்காத படித்த பிள்ளை இல்லை. நகை அடகு வைத்து, கொழுந்து பறித்துப் படிப்பித்த உங்கள் பெற்றோருக்கும் கனவு இருக்கும். தங்கைமாருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு: பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் தேயிலைக்குள் நடக்க வேண்டும், தங்குவதற்குப் பாதுகாப்பான விடுதி இருக்காது. இவற்றைத் தியாகம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட நான் விரும்பவில்லை.

ஆகவே, வரும்போது கையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டு வராதீர்கள், நிபந்தனையோடு வாருங்கள். 2010களின் நடுப்பகுதியில் மலையக இளைஞர் யுவதிகளை ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு வகுப்பறைக்குள் அனுப்பினார்கள். பிறகு அது 10,000 ஆனது. முழு ஆசிரியரின் வேலையை வாங்கிக்கொண்டு அரை மரியாதை கொடுத்த அந்த முறை, கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒருபோதும் திரும்பி வரக்கூடாது. முதல் நாளிலிருந்தே இலங்கை ஆசிரியர் சேவையில் நிரந்தர நியமனம் வேண்டும். வகை 2 பாடசாலைகள் சிலவற்றுக்குப் பொதுவாக ஒரு நல்ல ஆசிரியர் விடுதி வேண்டும். கஷ்டப் பிரதேசத்தில் முழுமையாக ஆறு வருடம் நின்றவருக்கு மேற்படிப்பு விடுமுறையிலும் பதவி உயர்விலும் முன்னுரிமை வேண்டும். அங்கே நிற்பது தண்டனையாகவும், அங்கிருந்து கிளம்புவது வெகுமதியாகவும் இருக்கும்வரை எத்தனை நியமனம் கொடுத்தாலும் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். இந்தக் கோரிக்கைகளை நீங்கள் தனித்தனியாகக் கேட்டால் கோப்புக்குள் போய்விடும். ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த, பசறை, பண்டாரவளை என்று ஒவ்வொரு வலயத்திலும் சேர்ந்து நின்று கேளுங்கள். மலையகத்தின் பெயரால் வாக்குக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை சில. பெயர்பெற்ற பாடசாலைக்குச் சிபாரிசு தேடாதீர்கள். கணித ஆசிரியர் இல்லாத வகை 2 பாடசாலையின் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதிபரைச் சந்திக்கும் முதல் நாளிலேயே தரம் 6ஐக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு தரம் 7க்கு ஏறும்படி நேரசூசி போடச் சொல்லுங்கள். ஒரே ஆசிரியர் ஆறு வருடம் தொடர்ந்தால், எந்தப் பிள்ளை பின்னத்தில் தடுக்கியது, எந்தப் பிள்ளை கேத்திரகணிதத்தில் முந்தியது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். எந்த மேலதிக வகுப்பும் இதற்கு ஈடாகாது.

எங்களைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மலையகத்தின் எல்லா நகரங்களிலும் இருக்கிறோம். பாடக்குறிப்புப் பார்க்க, செய்முறை தயாரிக்க, உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து ஆலோசனை சொல்ல நாங்கள் வருவோம். ஒரு வகுப்பு விளங்காமல் போன நாளில் மனம் சோர்ந்து நிற்காமல் எங்களைத் தேடி வாருங்கள். உங்கள் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வருவோம்.

முதல் அணிப் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதும் வருடத்தில் உங்கள் பாடசாலையிலிருந்து ஐந்து பேர் கணித, விஞ்ஞானப் பிரிவுக்குப் போனால் போதும். அதில் ஒருவர் ஆசிரியராகத் திரும்பி வந்தால், உங்கள் இடம் மறுபடி வெற்றிடமாகாது. விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

அன்புடன்,
மலையகத்தின் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்